ஹெலிக்குத் தெரியிற மாதிரி நில்லுங்கோ

ஹெலி வரும் சத்தம் முதலில் என் காதுக்குத்தான் கேட்டது. பெருமைக்காகச் சொல்லவில்லை. வன்னியில் என் வயதுக்காரர் யாரைக் கேட்டாலும், "எனக்குத்தான் முதல் கேட்டது" என்றுதான் சொல்வார்கள்.

போன மாரியில் ஒரு காலைப் பொழுது. மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. ஊரோடு நாங்கள் மேட்டில் இருந்த பொதுநோக்கு மண்டபத்தில் ஏறி இருந்தோம். கீழே வயல், வளவு, ரோட்டு எல்லாம் ஒரே தண்ணீர். மண்டபத்துக்கு முன்னால் பிள்ளைகள் கரப்பந்து விளையாடும் வெளி. பின்பக்கம் பழைய மாமரங்கள். அந்த வெளியின் ஓரத்தில் ஒரு கட்டிலில் என் வீட்டுக்காரர், புடையன் பாம்பு கடித்த காலோடு கிடந்தார். அவரை ஏற்றிக்கொண்டு போகத்தான் ஹெலி வந்துகொண்டிருந்தது. அது வருகிறது என்று தகவல் கிடைத்ததிலிருந்து வானத்தைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

சத்தம் கிட்ட வந்தது. அடுத்து நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள்.

கஞ்சி வைத்துக்கொண்டிருந்த ராணி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி அடுப்பில் ஊற்றினாள். புகை நின்றது. நான் கொடியில் கிடந்த சிவப்புப் போர்வையை இழுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தேன். யாரோ கஞ்சிக் கிடாரத்தின் மேல் சாக்கைப் போட்டு மூடினார்கள், மினுங்கக் கூடாது என்று. நாலைந்து ஆண்கள் கட்டிலை என் வீட்டுக்காரரோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு மாமரத்துக்குக் கீழே ஓடினார்கள். தாய்மார் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள், ஹெலிக்குக் கேட்டுவிடுமாம்! கண் மூடித் திறப்பதற்குள் வெளியில் ஈ காக்கை இல்லை.

ஹெலி வந்தது. ஒரு வட்டம் போட்டது. கொஞ்சம் தாழ்ந்து இன்னொரு வட்டம் போட்டது. மாவிலைகள் எல்லாம் படபடத்தன. பிறகு தெற்குப் பக்கமாகத் திரும்பிப் போய்விட்டது.

"அப்பாடா, போயிட்டுது" என்றாள் ராணி.

எல்லோரும் மூச்சை விட்டோம். நானும் விட்டேன். கட்டின மனிசன் விஷம் ஏறிக் கிடக்கிறார், அவரைக் காப்பாற்ற வந்த ஹெலி திரும்பிப் போகிறது, எனக்கோ நிம்மதி வருகிறது! இப்படி ஒரு விசர்ச் சனத்தை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?

புடையன்

இந்தத் தொடரைப் புதிதாகக் கையில் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் பெயர் பரமேஸ். பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஊரில் பரமேஸ் ரீச்சர். விசில் இல்லாமலே என் குரல் குளக்கட்டு வரைக்கும் போகும் என்று பழிப்பார்கள். எங்கள் குடியேற்றத் திட்டம் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுப் பக்கமாக உள்ளே போகிற இடத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சிவபாதத்தின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்து இங்கே குடியேறியது. அவருக்கு நெல்லைத் தவிர வேறு கதை கிடையாது. என்னோடு சண்டை பிடிப்பது அவருடைய பொழுதுபோக்கு.

அன்று விடியக் காலமை, கட்டிப்போட்ட கன்று தண்ணீருக்குள் நிற்குமே என்று மண்டபத்திலிருந்து எங்கள் வீட்டு வளவுக்கு இறங்கினார்.

"போகாதேங்கோ. பாம்பெல்லாம் மேட்டுக்கு வாற நேரம்."

"பாம்புக்கும் உமக்கும் பயந்தால் நான் சீவிக்கேலாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கன்றோடு திரும்பி வந்தார். கணுக்காலில் பல்லுப் பட்ட அடையாளம் இருந்தது.

"புடையன்தான். கண்ணால கண்டனான்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ஏசுறதெண்டா ஏசும்" என்றார். என்னால் ஏச முடியவில்லை.

புடையன் கடிக்கு ஆஸ்பத்திரி மருந்துதான், அதுவும் நேரத்தோடு ஏற்ற வேண்டும் என்பது இப்போது ஊரில் எல்லோருக்கும் தெரியும். காலை அசையாமல் பலகை வைத்துக் கட்டினோம். வெயில் ஏறுவதற்குள் கால் வீங்கி மினுமினுத்தது. பல் முரசில் இரத்தம் கசியத் தொடங்கியது. அவர் துப்பித் துப்பிப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பினேன்.

குளம் நிரம்பி வான் பாய்ந்ததில் பாலம் அள்ளுப்பட்டிருந்தது. அந்த இழுவையில் வள்ளம் விட யாருக்கும் தைரியம் வரவில்லை. எங்கள் கிராம அலுவலரை நாங்கள் இன்னும் விதானையார் என்றுதான் சொல்வோம். அவர் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்று, ரெலிபோனில் கத்திக் குழறி, ஒரு ஹெலிக்கு ஒழுங்கு செய்தார். அந்த ஹெலியைத்தான் நாங்கள் ஒளித்திருந்து வழியனுப்பி வைத்தோம்.

பழைய மொடல் பயம்

மரத்துக்குக் கீழே இன்னொரு கூத்தும் நடந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நசீர் நானா எங்கள் சந்தியில் கடை வைத்திருப்பவர். முல்லைத்தீவில் பிறந்தவர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டு, சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்தவர். பனை உயரம், அதற்கேற்ற வண்டி வயிறு. ஹெலி வட்டமடிக்க வட்டமடிக்க, நானா மாமரத்தைக் கட்டிப்பிடித்தபடி அதைச் சுற்றிச் சுற்றி நகர்ந்துகொண்டிருந்தார். நான் அதே மரத்தடியில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் என் கையை மிதித்தார்.

"நானா, என்ன செய்யிறியள்? படுங்கோ!"

"படுத்தாச் சரிவராது ரீச்சர். மரத்தை நடுவில வைச்சுக்கொண்டு சுத்த வேணும்!"

இரண்டு பேரும் சொன்னது சரிதான். இரண்டு பேரும் பயந்தது வேறு வேறு ஹெலிக்கு.

முதலில் எங்கள் வானத்துக்கு வந்த ஹெலிகள் சண்டைக்கென்று செய்தவை அல்ல. ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி இறக்குகிறவை. அதன் பக்கக் கதவைத் திறந்து, கதவடியில் ஒரு பெரிய துவக்கைப் பூட்டி விட்டிருப்பார்கள். சுடுகிறவர் பக்கவாட்டில்தான் சுடலாம். ஆகவே ஹெலி தன் விலாவை எங்களுக்குக் காட்டியபடி வட்டமடிக்க வேண்டும். தடித்த மரம் ஒன்று கிடைத்தால் போதும், அது சுற்றச் சுற்ற நாங்களும் மறுபக்கமாகச் சுற்றித் தப்பிவிடலாம். சந்தைக்குப் போகிற வழியில் சைக்கிளை எறிந்துவிட்டு ஒரு பாலை மரத்தைச் சுற்றியிருக்கிறேன். என்னோடு முன்பின் தெரியாத ஆறேழு பேர். "அக்கா, தள்ளுங்கோ", "தம்பி, காலை மிதியாதை" என்று அங்கேயும் சண்டைதான். நசீர் நானா ஊரை விட்டுப் போன காலத்தில் பறந்தது அந்த ஹெலி. அவருடைய பயம் பழைய மொடல்.

பிறகு வந்தது வேறு சாதி. சண்டைக்கென்றே செய்தது. எம்.ஐ. 24 என்று சின்னப் பிள்ளைகளுக்கும் பெயர் தெரியும். முகத்தில் இரண்டு கண்ணாடிக் குமிழ்கள். முன் குமிழில் சுடுகிறவர், அவருக்குப் பின்னால் சற்று உயரத்தில் ஓட்டுகிறவர். மூக்குக்குக் கீழே துவக்கு. இரண்டு பக்கமும் கட்டைச் செட்டை, அதில் றொக்கெட் கூடுகள். அடிவயிற்றில் தகடு. இது விலாவைக் காட்டிக்கொண்டு சுற்ற வேண்டியதில்லை. மேலே நின்று வட்டம் போட்டுப் பார்க்கும், கண்டுவிட்டால் மூக்கைச் சரித்துக்கொண்டு நேரே வரும். தரையில் முன்னுக்குப் போகிற படைக்கு மேலால் பறந்து வழி திறந்து கொடுப்பதுதான் இதன் வேலை என்று பிறகு வாசித்தேன். அப்போது எங்களுக்குத் தெரிந்தது, இதனிடம் மரம் சுற்றுகிற வித்தை எடுபடாது என்பதுதான். பங்கருக்குள் இறங்கு. பங்கர் இல்லையென்றால் குப்புறப் படு. ஓடாதே. அசையாதே. மினுங்காதே. புகை விடாதே.

கீழேயிருந்து அதைச் சுடும் ஆயுதங்கள் வந்த பிறகு அது உயரத்துக்குப் போனது. பட்டப்பகலில் வாணம் விடுகிற மாதிரி நெருப்புப் பொட்டுகளை உதிர்த்துக்கொண்டு, தூரத்திலிருந்தே அடிக்கப் பழகியது. அது பழகப் பழக நாங்களும் பழகினோம்.

உடற்கல்வி ரீச்சர் என்ற முறையில் எனக்கு இதில் தனி வேலை இருந்தது. பிள்ளைகளின் சீருடை வெள்ளை. வெளியில் நிரையாக நின்றால் மேலேயிருந்து முல்லைப்பூச் சரம் கட்டின மாதிரித் தெரியும். எங்கள் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிகளில் நூறு மீற்றர் ஓட்டம் நேர்கோட்டில் நடந்ததில்லை. மரங்களுக்கு இடையால் வளைந்து வளைந்து ஓடுவார்கள். முதலாவதாக வந்த பிள்ளைக்கு முட்டியில் எப்போதும் காயம் இருக்கும். ஒரு நீட்டு விசில் ஊதினால் எல்லோரும் மரத்துக்குக் கீழே போக வேண்டும். ராணியும் என்னிடம் படித்தவள்தான். அன்றைக்கு அவள் அடுப்பை அணைத்த வேகத்தைப் பார்த்து, நல்லாத்தான் படிப்பித்திருக்கிறேன் என்று எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

விதானையாரின் அழைப்பு

ஹெலி போன கையோடு என் ரெலிபோன் அடித்தது. விதானையார்.

"ரீச்சர், எங்க நிக்கிறியள்?"

"மண்டபத்தடியிலதான். வேற எங்க போறது?"

"அப்ப ஏன் ஹெலிக்காரர் அங்க ஒரு மனிசரும் இல்லை எண்டு சொல்லுகினம்? ரெண்டு தரம் சுத்திப் பாத்தவையாம். சனம் வெளியேறீட்டுது எண்டு நினைச்சு வேற இடத்துக்குப் போட்டினம்."

நான் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் இன்னும் மரத்துக்குக் கீழேதான் இருந்தார்கள். ஒருவரும் வெளியே வரவில்லை. என் கக்கத்தில் சிவப்புப் போர்வை.

விதானையார் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஒளிச்சனீங்களோ?"

"ஓம்" என்றேன்.

"சரி, விடுங்கோ. நானும் ஒளிச்சிருப்பன்" என்றார் அந்த மனிசன். "காலிலை விழுந்தெண்டாலும் இன்னொருக்கா அனுப்பிவிக்கிறன். மழை இருட்டிக்கொண்டு வருது ரீச்சர். பிறகு பறக்க மாட்டினம். இந்த முறை ஹெலிக்குத் தெரியிற மாதிரி நில்லுங்கோ. வெளியில நில்லுங்கோ."

நான் விஷயத்தைச் சொன்னதும் ராணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஐயோ, நான்தானே நெருப்பை அணைச்சனான்!" கட்டிலைத் தூக்கி ஓடின ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நசீர் நானாதான் முதலில் சிரித்தார்.

"இவ்வளவு சனத்தையும் மேல நிண்டு தேடியும் காணேல்லையாம். அப்ப நாங்கள் நல்லாத்தான் ஒளிச்சிருக்கிறம்!"

அழுதுகொண்டிருந்த ராணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தோம். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவருடைய பல் எல்லாம் இரத்தமாக இருந்தது. அதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு அடியோடு நின்றுவிட்டது.

குணம்

கட்டிலை வெளிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அவர் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்னை வெளியில கிடத்தாதையும்."

"பின்ன?"

"மரத்துக்குக் கீழயே கிடக்கிறன். வாறவன் இஞ்ச வந்து தூக்கட்டும்."

"நீங்கள் கிடக்கிறது தெரிஞ்சால்தானே வருவான்!"

"தெரியக் கூடாது" என்றார். காய்ச்சல்காரன் பிதற்றுகிற மாதிரித் திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

அவர் இப்படித்தான் சொல்வார் என்று எனக்கு முன்னமே தெரியும். அவருக்கு ஒரு தம்பி இருந்தான், குணம். நெல் அறுக்கிற அருவி வெட்டுக் காலத்தில் ஒருநாள் இரண்டு பேரும் வயலில் நின்றபோது ஹெலி வந்தது. இரண்டு பேரும் வரம்போடு ஒட்டிப் படுத்தார்கள். அது வட்டம் போட்டது. குணத்துக்குப் பொறுக்கவில்லை. எழும்பி, காட்டோரம் பார்த்து வெட்டவெளியால் ஓடினான். காட்டுக்குப் போய்ச் சேரவில்லை. ஹெலி போகும் வரைக்கும் இவர் வரம்படியில் கிடந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

கலியாணம் கட்டி நெடுங்காலத்துக்குப் பிறகுதான் எனக்கு இதைச் சொன்னார். ஒரேயொரு முறை சொன்னார். சண்டை முடிந்த பிறகும், வயலின் நடுவில் நின்று வேலை செய்கிறபோது எந்தச் சத்தம் கேட்டாலும் அப்படியே வரம்போடு குந்திவிடுவார். பக்கத்து வயல்காரர் காணாத மாதிரிப் போவார்கள். அவர்களும் இப்படி வேறு எதற்காவது குந்துகிறவர்கள்தான்.

எனக்கு அன்றைக்குப் பொறுமை இல்லை. கட்டில் ஓரத்தில் அமர்ந்து, அவருடைய முகத்தை நாடியில் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"இஞ்சேருங்கோ. குணத்தை இழந்தது போதும். உங்களையும் குடுக்க நான் தயாரில்லை. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கிடவுங்கோ. நான் பாக்கிறன்."

அவர் வெளிப்பக்கம் கண்ணை ஓட்டினார். பிறகு, "நீரும் பக்கத்தில நிப்பீரோ?" என்றார்.

"பின்ன, இந்த வெள்ளத்துக்குள்ள எங்க போறன்?"

கட்டில் சட்டத்திலிருந்து கையை எடுத்தார்.

தூக்கப் போன ஹெலி

ஹெலி திரும்ப வரும் வரைக்கும் காத்திருந்த நேரம் இருக்கிறதே, அதைப் போல நீண்ட நேரத்தை நான் கண்டதில்லை. அதை அப்படியே எழுதினால் நீங்கள் பத்திரிகையை மூடிவிடுவீர்கள். ஆகவே நான் பிறகு தேடி வாசித்த ஒன்றை இந்த இடத்தில் சொல்கிறேன்.

ஹெலி யுத்தத்துக்கு முதல் முதல் போனது சுடுவதற்கு அல்லவாம். பெரிய உலகச் சண்டையின் கடைசிக் காலத்தில், பர்மாக் காட்டுக்குள் காயப்பட்டுக் கிடந்தவர்களைத் தூக்கிவரப் போயிருக்கிறது. ஒரு தடவைக்கு ஒரு காயக்காரரைத்தான் ஏற்ற முடியும், அவ்வளவு சின்னது. அதற்குப் பிறகு வந்த இன்னொரு சண்டையில், வெளிப்பக்கத்தில் படுக்கையைக் கட்டி, அதில் காயக்காரரைப் படுக்கவைத்துப் பறந்திருக்கிறார்கள். துவக்கைப் பூட்டும் யோசனை அதற்குப் பிறகுதான் பெரிதாக வந்தது. முதலில் கதவில் பூட்டினார்கள். கதவில் பூட்டினது போதாமல், சுடுகிறதற்கென்றே ஒடுக்கமான உடம்போடு புதிதாக ஒன்றைச் செய்தார்கள். இன்னொரு நாட்டார் சுடவும் வேண்டும், ஆளும் ஏற்ற வேண்டும் என்று தகடு போட்ட பெரிய ஒன்றைச் செய்தார்கள். எங்களுக்கு மேலே பறந்த எம்.ஐ. 24 அதுதான். அதன் வயிற்றுக்குள்ளும் ஆட்கள் இருக்க இடம் இருக்கிறதாம். நான் கீழே கிடந்த காலம் முழுக்க அதன் மூக்கைத்தான் பார்த்தேன், வயிற்றை யோசித்ததில்லை.

இதை வாசித்த அன்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தூக்கப் போனதுக்கு ஆர் துவக்குக் குடுத்தது?" என்று கேட்டார்.

கூறைச்சேலை

வாழ்நாள் முழுக்க எதையெல்லாம் செய்யக் கூடாது என்று படித்தோமோ, அதையெல்லாம் செய்ய வேண்டும். நான் வெளியின் நடுவில் நின்று கத்தத் தொடங்கினேன்.

"ராணி, அடுப்பை மூட்டு. பச்சை இலையைப் போடு. பழைய ரயர் இருந்தாக் கொண்டுவாங்கோ. கிடாரத்தைத் தேய்ச்சு வெளியில வையுங்கோ. எல்லாரும் வட்டமா நில்லுங்கோ. ரெண்டு கையும் மேல!"

"ரீச்சர் இல்ல விளையாட்டுப் போட்டி வைக்கிறா" என்றார் நசீர் நானா. ஆனால் முதலாவதாக வந்து நின்றதும் அவர்தான்.

சிவப்புப் போர்வையை விரித்தேன். சின்னதாகத் தெரிந்தது. அப்போதுதான் என் பையை அவிழ்த்தேன். எங்கள் பக்கத்தில் இடம்பெயரும்போது எல்லாப் பெண்களும் ஒரு பை தூக்குவோம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், கூறைச்சேலை. வீடு போகும், மாடு போகும், பை போகாது. எத்தனையோ ஊருக்குத் தூக்கிக்கொண்டு திரிந்த என் கூறையை, கலியாணத்தன்று கட்டின பிறகு, நான் வெளிச்சத்தில் விரித்ததே இல்லை. நல்ல இரத்தச் சிவப்பு, கரை முழுக்கச் சரிகை. ஹெலிக்குத் தெரியும் என்று கறுப்புப் பொலித்தீனுக்குள் சுற்றியே வைத்திருந்தேன்.

"ரீச்சர், கூறையையோ சேத்தில விரிக்கப் போறியள்?" ராணி வாயைப் பிளந்தாள்.

"மனிசன் இல்லாமல் கூறையை வைச்சு என்னடி செய்யிறது? பிடி அந்தத் தலைப்பை!"

சேற்றில் நீட்டி விரித்து, ஓரங்களில் கல் வைத்தோம். பக்கத்தில் கட்டிலை வைத்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

மழைக் கறுப்பு மேற்கால் ஏறிக்கொண்டு வந்தபோது சத்தம் கேட்டது.

வட்டத்தில் நின்றவர்களின் முகங்களை நான் மறக்க மாட்டேன். வெள்ளத்துக்கு அழாத மனிசர்கள் அழுதார்கள். சிலர் கண்ணை மூடினார்கள். கை தூக்கிக்கொண்டு நிற்கும்போதே அவர்களின் கால்கள் மரங்களின் பக்கம் திரும்பியிருந்தன. ஹெலி மேலே வந்து ஒரு வட்டம் போட்டது.

"நில்லுங்கோ!" என்று கத்தினேன். "ஒருத்தரும் ஓடக் கூடாது!"

கண்ணை மூடியபடியே என் வீட்டுக்காரர் கேட்டார். "மூக்கைச் சரிக்குது, என்ன?"

சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. அது மூக்கைச் சரித்துக்கொண்டு எங்களை நோக்கி வந்தது. வட்டம் உடைந்தது. பாதிச் சனம் மாமரத்துக்கு ஓடியது. நான் அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். என் தொடையால் சூடாக ஏதோ வழிந்து ஓடியது. மழை நனைத்தது என்று எழுதலாம், ஆனால் மழை இன்னும் தொடங்கவில்லை.

"ஓம், சரிக்குது" என்றேன்.

"கண்டிட்டானோ?"

"கண்டிட்டான்."

என் விரல்கள் நொருங்குகிற அளவுக்கு அவர் பிடித்தார். ஆனால் கட்டிலை விட்டு எழும்பவில்லை.

ஹெலியின் காற்று வந்து அறைந்தது. கல்லெல்லாம் உருண்டு, கூறை ஒரு பக்கம் கிளம்பியது. மேலே கதவில் நின்ற ஒருவர் இரண்டு கையையும் ஆட்டி என்னவோ கத்தினார். கூறை மட்டும் பறந்து ஹெலியின் சுழலுகிற விசிறியில் சிக்கினால் எங்கள் எல்லோருடைய கதையும் முடிந்தது. நசீர் நானா ஓடிப்போய்த் தன் முழு உடம்போடும் கூறையின் மேல் விழுந்தார். மற்றத் தலைப்பில் ராணி விழுந்தாள். இரண்டு பேரும் சேற்றில் குப்புறக் கிடந்து என் கூறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஹெலி வெளியின் மற்றப் பக்கத்தில் இறங்கியது.

மேலேயிருந்து

குதித்து ஓடி வந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். தலைக்கவசத்துக்குள் சின்ன முகம். காலைக் குனிந்து பார்த்தான்.

"பொலங்கா?" என்றான். சிங்களத்தில் புடையனுக்கு அதுதான் பெயர். நான் தலையாட்டினேன்.

"அம்மா, பயம் வேணாம். நீங்களும் வாங்க" என்று படித்து வைத்த தமிழில் சொன்னான். என் வீட்டுக்காரரைக் குழந்தைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கினான்.

உள்ளே ஏறிய பிறகு எந்தக் கதையும் கேட்காது, அவ்வளவு இரைச்சல். நான் தகட்டுத் தரையில் இருந்தேன். என் வீட்டுக்காரர் கண்ணைத் திறக்கவே இல்லை. ஒரு கையால் என்னையும், மற்றக் கையால் அந்தப் பொடியனின் இடுப்புப் பட்டியையும் பிடித்திருந்தார். அவன் எழும்ப வேண்டியிருந்தது போல. அந்தக் கையைப் பார்த்தான், பிறகு எழும்பாமல் பக்கத்திலேயே இருந்துவிட்டான்.

நான் கீழே பார்த்தேன். என் ஊரை மேலேயிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. எல்லாப் பக்கமும் மண்ணிறத் தண்ணீர், நடுவில் ஒரு துண்டு மேடு. நசீர் நானா சேற்றோடு எழும்பி நின்று கையை ஆட்டினார். மாமரத்துக்கு ஓடினவர்கள் ஒருவர் ஒருவராக வெளியே வந்தார்கள். முதலில் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். பிறகு அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு அவர்களும் கையை ஆட்டினார்கள். நான் இரைச்சலுக்குள் வாய்விட்டுக் குழறி அழுதேன். அந்தப் பொடியன் பயந்துபோனான் என்று நினைக்கிறேன்.

வவுனியா ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். சிறுநீர் கறுத்துப் போய் வந்த சில நாட்கள் எனக்கு நித்திரையே இல்லை. பிறகு மெல்லத் தெளிந்தது. "இஞ்ச தேத்தண்ணி கழுவின தண்ணி மாதிரி இருக்கு" என்று அவர் முதல் முறைப்பாடு சொன்ன அன்று, ஆள் தப்பிவிட்டார் என்று எனக்கு விளங்கியது.

வயலில்

பொங்கலுக்கு முன்னமே வீட்டுக்கு வந்துவிட்டோம். வெள்ளம் எங்கள் பயிரை எடுத்திருந்தது. வடிந்த கையோடு இவர் கடனோ உடனோ விதைநெல் தேடி, குறுகிய கால நெல்லாகப் பார்த்து மறுபடி விதைத்தார். காலைக் கீழே வைக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னதை என்னிடம் சொல்லவில்லை. பொலித்தீனால் காலைச் சுற்றிக்கட்டிக்கொண்டு தினமும் வயலுக்குப் போனார். சண்டை பிடித்துப் பார்த்தேன், கேட்கவில்லை.

பச்சை தெரியத் தொடங்கின ஒரு காலை. நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஹெலி இரைந்து வந்தது. உடைந்த குளக்கட்டைப் பார்க்க அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. எங்கள் வயல் பக்கமாக நன்றாகத் தாழ்ந்து வந்தது.

ஐயோ, மனிசன் தனியவெல்லோ நிக்குது! திருவலையைப் போட்டுவிட்டு ஓடினேன். வரம்போரம் பார்த்தேன், குந்தியிருக்கவில்லை. காட்டோரம் பார்த்தேன், அங்கேயும் இல்லை.

அவர் வயலின் நட்ட நடுவில் நின்றார். சாரத்தை மடித்துக் கட்டி, பொலித்தீன் சுற்றின காலோடு, அண்ணாந்து நின்று, மண்வெட்டியை மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

"டேய்! உயத்திப் போடா! இப்பத்தான் முளை பிடிக்குது, எல்லாத்தையும் ஒரு பக்கமா ஒதுக்கிறாய்! உனக்குக் கண் தெரியேல்லையோ? நெல்லு விதைச்சிருக்குது!"

காற்றில் தண்ணீர் அலையடித்தது. இளம்பயிர் சாய்ந்து சாய்ந்து எழும்பியது. ஹெலி எங்கள் தலைக்கு மேலால் போனது. அவர் அதன் பின்னாலேயே இரண்டு வரம்பு தாண்டி நொண்டிக்கொண்டு போய் ஏசினார். பிறகு திரும்பி என்னைக் கண்டார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? இவங்களை ஏசாமல் விடேலுமோ?"

என் கையில் இன்னும் தேங்காய்ப்பாதி இருந்தது. கண்ணீர் மறைத்ததில் அவரைச் சரியாகக் காண முடியவில்லை.

"ஏசுங்கோ அப்பா" என்று குளக்கட்டு வரைக்கும் கேட்கக் கத்தினேன். "நல்லா ஏசுங்கோ!"